கடல் தூண்டிலுக்கு பிரெய்டு நரம்பு: தேர்ந்தெடுப்பது முதல் தூக்கிப் போடுவது வரை

தூண்டில் கடையில் போய் பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்பு) கேட்டால், "எத்தனை பவுண்டு வேணும்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாமும் முப்பது, நாற்பது என்று ஏதாவது சொல்லி வாங்கி வந்துவிடுவோம். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்களில், அதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாத எண் ஒன்று உண்டென்றால் அது நரம்பு எவ்வளவு பளு தாங்கும் என்று சொல்லும் இந்தப் பவுண்டுக் கணக்குதான். 40 பவுண்டு என்று எழுதிய இரண்டு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், ஒன்றில் இருக்கும் நரம்பு இன்னொன்றைவிடக் கண்ணுக்கே தெரியும்படி தடித்திருக்கும். ரீலில் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு தூரம் போய் விழும், நீரோட்டம் எவ்வளவு வளைக்கும், பாறையில் உரசினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தடிமன். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க தடிமனை வைத்தே போகும். பவுண்டு கடைசியில் தானாக வந்து சேரும்.

சொல்லப்போவது தமிழ்நாட்டுக் கரையையும், கரையிலிருந்து படகில் போய்த் தொடக்கூடிய கடலையும் மனதில் வைத்து. அந்தமான் பக்கம் பாப்பர் (நீர்மட்டத்தில் ஓடும் போலி இரை) வீசப் போகிறவர்களுக்கும் இடையில் ஒரு பத்தி இருக்கிறது.

1. முதலில், பிரெய்டு வேண்டுமா என்று பாருங்கள்

இன்றைய பிரெய்டு அனேகமாக எல்லாமே ஒரே பொருளால் ஆனது: மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட ஒருவகை பாலிஎத்திலீன். டைனிமா, ஸ்பெக்ட்ரா, இசனாஸ் என்று பெட்டியில் பார்ப்பதெல்லாம் அந்த இழையை உருவாக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் வணிகப் பெயர்கள். டைனிமா நெதர்லாந்தில் பிறந்தது, ஸ்பெக்ட்ரா அமெரிக்காவில், இசனாஸ் ஜப்பானில். தூண்டில் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த இழையை வாங்கிப் பின்னி, சாயமும் பூச்சும் போட்டு விற்கின்றன.

இந்த இழையின் மூன்று குணங்களைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். முதலாவது, இது நீளாது. நைலான் நரம்பு அறுபடும் தறுவாயில் 20, 25 சதவீதம் வரைகூட நீண்டு கொடுக்கும். பிரெய்டு 3, 4 சதவீதத்தோடு நின்றுவிடும். 60 மீட்டர் ஆழத்தில் மீன் வாய் வைத்தது ராடின் (தூண்டில் கோலின்) பிடியில் தெரிவது இதனால்தான். இரண்டாவது, இது தண்ணீரைவிட லேசானது. அடர்த்தி 0.97, கடல்நீர் 1.025, எனவே மிதக்கும். மூன்றாவது, சூடு தாங்காது. 150 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். உலர்ந்த முடிச்சை வேகமாக இழுத்து இறுக்கும்போது எழும் உரசல் சூடே அதைக் கெடுக்கப் போதும்.

இதிலிருந்து யாருக்கு பிரெய்டு வேண்டாம் என்பதும் தெரிகிறது. கையால் நரம்பு பிடித்து மீன் பிடிப்பவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். ஓடும் மீனின் இழுப்பில் பிரெய்டு விரலைச் சதையோடு அறுத்துவிடும், கைத்தூண்டிலுக்கு நைலான்தான். படகுக்குப் பின்னால் லூரை (போலி இரையை) இழுத்துக்கொண்டே போகும் டிரோலிங்குக்கும் நைலானின் நீட்சி நல்லது. வஞ்சரம் வேகமாக வந்து அடிக்கும்போது அந்த அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும், முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. கற்களும் சிப்பியும் நிறைந்த இடத்தில் இரை கட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தடித்த நைலானே செலவு குறைந்த வழி. லூர் வீசுகிறவர்கள், ஜிக் (ஆழத்துக்கு இறக்கும் கனத்த உலோகப் போலி இரை) இறக்குகிறவர்கள், தூரம் வேண்டும் என்கிறவர்கள், ஆழத்தில் கடியை உணர விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

2. நரம்பை நினைப்பதற்கு முன் இடத்தை நினையுங்கள்

கடைக்குப் போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: எங்கே நிற்கப் போகிறீர்கள், வீசப்போகும் எடை எத்தனை கிராம், உங்கள் ராடில் என்ன எழுதியிருக்கிறது. மீனின் பெயர் அதற்கு அப்புறம்தான். கோவளத்து மணலில் பிடிக்கும் பாரையும் முட்டத்துப் பாறையில் பிடிக்கும் பாரையும் ஒரே மீனாக இருக்கலாம். மணலில் அதை ஓடவிட்டுக் களைக்கச் செய்யலாம், பாறையில் ஓடவிட்டால் நரம்பு போச்சு.

திறந்த மணற்கரையில் தடை எதுவும் இல்லை. மெல்லிய நரம்பு போட்டுத் தூரம் பார்க்கலாம். கிழங்கானுக்கும் சின்னப் பாரைக்கும் 10 முதல் 30 கிராம் வீசுகிறவர்களுக்கு பி.இ. 0.8 அல்லது 1 போதும் (இந்த பி.இ. என்ன என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்). அதே மணலில் 80, 100 கிராம் ஈயம் கட்டி அலைக்கு அப்பால் வீசுவதாக இருந்தால் 1.5 முதல் 2.

தூண்டில் வளைவுகளின் கற்குவியல் மேல் நின்று வீசுவது இப்போது நம் கரையில் அதிகமாகிவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய அந்தப் பாறைகளைச் சுற்றிப் பாரையும் ஊளியும் சுற்றும், சில பருவங்களில் வஞ்சரமும் வரும். கற்களில் ஒட்டிய சிப்பியும் கொட்டலசும் நரம்பை வெட்டும். இங்கே பி.இ. 2க்குக் குறைந்து நான் சொல்ல மாட்டேன், 3 இருந்தால் நிம்மதி. ராட் 20 முதல் 50 கிராம் வீசுவதாக இருந்தால் இந்தத் தடிமன் பொருந்தும்.

பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டை மாதிரி முகத்துவாரங்களிலும் காயல்களிலும் கொடுவாவும் செப்பிலியும்தான் இலக்கு. தூரம் பெரிதாக வேண்டாம். ஆனால் செப்பிலி வாய் வைத்த மறு நொடியே வேருக்குள் புகும். ஓடவிடாமல் நிறுத்த வேண்டும் என்பதால் 1.5 அல்லது 2.

படகில் போய் 30 முதல் 80 மீட்டர் ஆழத்துப் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) 80 முதல் 200 கிராம் ஜிக் இறக்குகிறவர்கள் 2 அல்லது 3 எடுங்கள்; பெரிய களவாவுக்காகவே போவதென்றால் 4. இங்கே தடிமனைத் தேவைக்கு மேல் ஏற்றுவதில் ஒரு நட்டம் உண்டு. நீரோட்டம் தடித்த நரம்பை வில்லாக வளைக்கும், ஜிக் நேராக இறங்காமல் படகுக்கு வெகு பின்னால் போய் விழும். ஜிக் தரை தொட்டதா என்றே தெரியாமல் தவிப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ஜிக்கின் எடையில் இல்லை, நரம்பின் தடிமனில்தான்.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்டது. படகுக்காரர் "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றாலும் அங்கே போய்த் தூண்டில் போடாதீர்கள்.

அந்தமானில் பெரிய பாரைக்குப் பாப்பர் வீசப் போகிறவர்களுக்கு நடுவழி கிடையாது. அங்கே பவளப்பாறை விளிம்பில் 30, 40 கிலோ மீனை ஓடாமல் நிறுத்த வேண்டும். பி.இ. 8 என்பதுதான் பொதுவான தேர்வு, ஓரளவு சிறிய மீனென்றால் 6. இதற்கு ராட், ரீல் எல்லாமே தனி. ஊரில் வைத்திருக்கும் ரீலில் பி.இ. 8ஐச் சுற்றிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

3. பி.இ. எண்: இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும்

பி.இ. என்பது ஜப்பானியர்களின் அளவு. பவுண்டைப் போல இது "எவ்வளவு தாங்கும்" என்று சொல்வதில்லை, "எவ்வளவு இழை இருக்கிறது" என்று சொல்கிறது. நெசவுக்காரர்களுக்குத் தெரிந்த டெனியர் கணக்குத்தான்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். 200 டெனியர் என்றால் பி.இ. 1. 400 டெனியர் பி.இ. 2. அப்படியே ஏறும்.

தோராயமான விட்டமும், நல்ல தயாரிப்பில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பலமும் இவை:

பி.இ. 1: 0.165 மி.மீ., 16 முதல் 20 பவுண்டு
பி.இ. 1.5: 0.205 மி.மீ., 24 முதல் 30
பி.இ. 2: 0.235 மி.மீ., 30 முதல் 36
பி.இ. 3: 0.285 மி.மீ., 40 முதல் 50
பி.இ. 4: 0.33 மி.மீ., 55 முதல் 65
பி.இ. 6: 0.405 மி.மீ., 80 முதல் 95
பி.இ. 8: 0.47 மி.மீ., 100 முதல் 120

இந்த எல்லைகளை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இழையின் உயர்தர வகைகளே ஒரு டெனியருக்கு ஏறக்குறைய 40 முதல் 45 கிராம் பளுதான் தாங்கும். பி.இ. 1இல் இருப்பது 200 டெனியர். பெருக்கிப் பாருங்கள்: 8 முதல் 9 கிலோ, அதாவது 18 முதல் 20 பவுண்டு. பின்னும்போது கொஞ்சம் குறையுமே தவிரக் கூடாது. ஆக, 0.16 மி.மீ. நரம்பு 40 பவுண்டு தாங்கும் என்று ஒரு பெட்டி சொன்னால் இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் தடிமன்தான் பொய்யாக இருக்கும், உள்ளே பி.இ. 2 அல்லது அதற்கு மேல் இருக்கும். அது அறுந்துபோகாதுதான். ஆனால் 300 மீட்டர் கொள்ளும் என்று நினைத்த ரீலில் பாதியிலேயே ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை) நிறைந்துவிடும், வீசும் தூரமும் குறைந்துவிடும்.

மைக்ரோமீட்டரால் பிரெய்டை அளக்க முயலாதீர்கள். அழுத்தினால் தட்டையாகிவிடும் பொருள் அது, ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டும். எடைதான் பொய் சொல்லாது. நீளத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு பி.இ. எண்ணால் பெருக்கி 45ஆல் வகுங்கள். கிடைப்பது கிராம். பி.இ. 2, 300 மீட்டர் என்றால் 600ஐ 45ஆல் வகுக்க 13.3 கிராம். காலி ஸ்பூலைச் சமையலறைத் தராசில் நிறுத்திவிட்டு, நரம்பு சுற்றிய பிறகு மறுபடி நிறுத்தினால் வித்தியாசம் தெரிந்துவிடும். பூச்சும் சாயமும் சேர்ந்து ஒன்றிரண்டு கிராம் கூடினால் பரவாயில்லை. 13 இருக்க வேண்டிய இடத்தில் 25 காட்டினால் நீங்கள் வாங்கியது பி.இ. 4க்குப் பக்கத்தில் என்று அர்த்தம். இணையத்தில் மலிவாக வாங்கும் பெயர் தெரியாத பிரெய்டுக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் கடலுக்குப் போக வேண்டாம்.

உங்கள் ராடின் அடிப்பகுதியையும் பாருங்கள். இப்போது வரும் பல கடல் ராடுகளில் "பி.இ. 1.5-3" என்பதுபோல அச்சடித்திருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த எண் அந்த எல்லைக்குள் விழ வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினால் நரம்பு அறுவதற்கு முன் ராட் முறியும்.

4. நான்கு இழையா, எட்டு இழையா?

நான்கு இழையில் ஒவ்வொரு இழையும் தடித்தது. மேற்பரப்பு கரடாக இருக்கும், ராடின் வளையங்களில் ஓடும்போது சரசரவென்று சத்தம் வரும். ஆனால் ஒரு இழையின் பாதி வெட்டுப்பட்டாலும் மீதி நிற்கும். எட்டு இழை உருண்டையானது, மென்மையானது, சத்தமில்லாமல் தூரம் போகும். அதன் இழை ஒவ்வொன்றும் மெல்லியது என்பதால் சிப்பியில் உரசினால் சீக்கிரம் பிசிறும். பன்னிரண்டு, பதினாறு இழைகளும் வருகின்றன. பதினாறில் சில உள்ளே குழலாக இருக்கும், பெரிய மீனுக்கு லீடரை (நரம்பின் முன்னால் கட்டும் நைலான் போன்ற துண்டை) உள்ளே செருகி இணைப்பதற்காக. ஆரம்பத்தில் அது வேண்டாம்.

என் தீர்ப்பு சுருக்கமானது. தூண்டில் வளைவு, பாறை, காயல் வேர்கள் என்றால் நான்கு. மணற்கரையும் படகும் என்றால் எட்டு. பணம் குறைவாக இருந்தால், மலிவான எட்டை விட நல்ல நான்கு மேல். மலிவான எட்டு இழை என்று விற்பதில் பளபளப்பு பெரும்பாலும் மேற்பூச்சுதான். சில வாரத்தில் பூச்சு கழன்றதும் சாயம் வெளுத்துப் பஞ்சுபோல ஆகிவிடும். சஃபிக்ஸ் 832 போலச் சிலவற்றில் எட்டு இழைகளில் ஒன்று மட்டும் வேறு பொருளாக இருக்கும். உரசலைத் தாங்கவும் நரம்பு உருண்டையாக நிற்கவும் அப்படிச் செய்கிறார்கள். ஃபயர்லைன் போல இழைகளைப் பின்னாமல் சூட்டில் ஒட்டியதும் உண்டு. அது விறைப்பாக இருக்கும், கடல் தூண்டிலுக்கு நான் எடுப்பதில்லை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், ஒரு சாண் நரம்பை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். தட்டையாகத் தட்டுப்பட்டால் பின்னல் தளர்வு. நகத்தால் வருடி, பூச்சுத் தூள் ஒட்டுகிறதா பாருங்கள். பின்னல் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும்.

5. நீளம்

ரீலின் ஸ்பூலில் எழுதியிருக்கும் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடுவது எளிது, ஏனென்றால் பி.இ. எண் குறுக்குப் பரப்புக்கு நேர்விகிதத்தில் போகிறது. "பி.இ. 2, 300 மீட்டர்" என்று இருந்தால் இரண்டையும் பெருக்கி 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.இ. 3 போட்டால் 200 மீட்டர், 1.5 போட்டால் 400. நைலான் கணக்கு மட்டும் எழுதிய ரீலாக இருந்தால் விட்டங்களின் விகிதத்தை வர்க்கம் செய்ய வேண்டும்: 0.35 மி.மீ. நைலான் 200 மீட்டர் கொள்ளும் ஸ்பூலில் பி.இ. 2 சுமார் 440 மீட்டர் கொள்ளும்.

கரையிலிருந்து வீசுகிறவர்களுக்கு 200 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வீச்சு எழுபது, எண்பது மீட்டர் போகும். வஞ்சரமோ சூரையோ அதற்கு மேல் நூறு மீட்டரை ஒரே ஓட்டத்தில் உருவிவிடும். படகுக்கு 300. ஆழத்தைவிட மூன்று மடங்கு என்று வைத்தால் இரண்டு தடவை அறுந்தாலும் அன்றைய நாள் ஓடும்.

நரம்பு ஒரே துண்டாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர் ஸ்பூல்களை வரிசையாகக் கோத்து விற்பதில், சில இடையில் வெட்டில்லாமல் தொடர்ந்து வரும், சில வராது. நடுவில் பிரெய்டோடு பிரெய்டு முடிச்சு விழுந்தால் வளையத்தில் மாட்டும் இடம் அதுதான்.

6. நிறம்

மீனுக்காக நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள், மீன் பார்ப்பது லீடரைத்தான். உங்கள் கண்ணுக்காகத் தேர்ந்தெடுங்கள். கரையில் மஞ்சளோ வெளிர்ப் பச்சையோ இருந்தால் அந்தி வெளிச்சத்திலும் நரம்பு எங்கே போகிறது என்று தெரியும், பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு சிக்காது. படகில் ஜிக் இறக்குகிறவர்களுக்குப் பல நிறப் பிரெய்டு. பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும், இடையே மீட்டர்க் குறிகளும் இருக்கும். ஐந்தாவது நிறம் போனால் 50 மீட்டர். 35 மீட்டரில் மீன் நிற்கிறது என்று கருவி காட்டினால் எண்ணிக்கொண்டே நிறுத்தலாம்.

7. லீடர் இல்லாமல் பிரெய்டைக் கடலில் போடாதீர்கள்

பிரெய்டு இழுவைக்குப் பலசாலி, உரசலுக்குக் கோழை. அதனால் முன்னால் நைலானோ ஃபுளோரோகார்பனோ ஒரு நீளம் கட்ட வேண்டும். ஃபுளோரோகார்பன் கடினமானது, தண்ணீரில் அதிகம் தெரியாது, அடர்த்தி 1.78 என்பதால் மூழ்கும். ஜிக்குக்கும் மூழ்கும் லூருக்கும் ஏற்றது. மேற்பரப்பில் ஓடும் பாப்பருக்கு நைலான் லீடர்தான், ஃபுளோரோகார்பன் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

லீடரின் பலம் பிரெய்டின் உண்மையான பலத்துக்குச் சமமாகவோ ஒரு படி கூடவோ இருக்கட்டும். பி.இ. 2க்கு 35, 40 பவுண்டு. கரையிலிருந்து லூர் வீச ஒன்றரை மீட்டர், ஜிக்குக்கு மூன்று மீட்டர். கனத்த ஈயம் வீசுகிறவர்களுக்கு வேறு கணக்கு: 28 கிராமுக்குப் பத்துப் பவுண்டு. 100 கிராம் ஈயத்துக்கு 35 பவுண்டுக்குக் குறையாத லீடர், அதுவும் வீசும்போது ரீலின் மேல் ஆறேழு சுற்று விழும்படி நீளமாக. இதைச் செய்யாமல் வீசினால் பிரெய்டு அறுந்து ஈயம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெரினா போன்ற கூட்டமான கரையில் நினைத்துப் பாருங்கள்.

வஞ்சரமும் ஊளியும் இருக்கும் இடத்தில் லீடருக்கு முன்னால் ஒரு சாண் வயர் வேண்டும். அவற்றின் பற்களுக்கு எந்த லீடரும் ஒன்றுதான்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க ஒரே ஒரு முடிச்சு கற்றுக்கொள்வதானால் எஃப்.ஜி. முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். மெலிதாக இருப்பதால் வளையங்களில் தட்டாமல் போகும், பிரெய்டு தன்னைத்தானே அறுத்துக்கொள்வதும் இல்லை. போடும் முறை இது:

பிரெய்டை இறுக்கமாக நிறுத்துங்கள். ரீல் பக்கத்தை ராட் நுனியிலிருந்தும் மறுமுனையைப் பல்லிலோ சுண்டு விரலிலோ பிடித்தால் போதும். லீடர் முனையை அதன் மேல் குறுக்காக வைத்து, ஒரு முறை மேலிருந்து, ஒரு முறை கீழிருந்து என மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். மொத்தம் இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. முடித்ததும் பிரெய்டு முனையால் லீடரையும் முதன்மைப் பிரெய்டையும் சேர்த்து இரண்டு அரை முடிச்சு. இப்போது எச்சிலோ தண்ணீரோ தொட்டு, இரு பக்கமும் சேர்த்து பலமாக இழுங்கள். சுற்றுகள் நெருங்கி, பிரெய்டின் நிறம் சற்றுக் கருக்கும். அதுதான் கடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். பிறகு மேலும் நான்கைந்து அரை முடிச்சு, இடமும் வலமுமாக மாற்றி. லீடர் முனையை ஒட்ட வெட்டுங்கள். மீந்த பிரெய்டால் முதன்மைப் பிரெய்டின் மேல் மட்டும் மூன்று நான்கு அரை முடிச்சு போட்டு முடித்துவிடுங்கள்.

ஆடும் படகில் இது வராத நாளில் டபுள் யூனி முடிச்சு போதும், கொஞ்சம் தடிக்கும். நைலானுக்குப் பழகிய கிளிஞ்ச் முடிச்சைப் பிரெய்டில் போடாதீர்கள், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நேரடியாகக் கட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் பலோமர் முடிச்சு.

8. ஸ்பூலில் சுற்றுதல்

புதுப் பிரெய்டு நேராக உலோக ஸ்பூலில் பிடிக்காது, மொத்தச் சுற்றும் தனியாக வழுக்கும். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கியும் நரம்பு ஓடுகிறதே என்று ரீலைத் திட்டுகிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம். முதலில் நைலான் பத்துப் பதினைந்து சுற்று போட்டு, அதோடு பிரெய்டை டபுள் யூனியால் இணையுங்கள். ரப்பர் பட்டை வைத்த ஸ்பூல் என்றால் இது தேவையில்லை.

சுற்றும்போது இறுக்கம் வேண்டும். ஈரத் துணியில் நரம்பைப் பிடித்து, ஒருவர் பெட்டியைப் பிடிக்க ஒருவர் சுற்றுங்கள். வெறுங்கையால் பிடித்தால் விரல் வெட்டும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டில் பெரிய மீன் இழுத்ததும் மேற்சுற்று கீழே புதைந்துபோய், அடுத்த வீச்சில் அப்படியே நின்றுவிடும். ஸ்பூலின் உதட்டுக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்துங்கள். ஆசைப்பட்டு நிரப்பினால் சுருள் சுருளாகக் கிளம்பிச் சிக்கும்.

அந்தச் சிக்குக்கு இன்னொரு காரணம், வீசிய பின் கைப்பிடியைச் சுற்றி பெயிலை (நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பும் கம்பியை) மூடுவது. கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துத் தளர்வை எடுத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினால் முக்கால்வாசிச் சிக்கு வராது. எதிர்காற்றிலோ குறுக்குக் காற்றிலோ லேசான லூர் வீசும்போது இது இன்னும் முக்கியம்.

9. டிராக்கைக் கையால் அல்ல, தராசால் வையுங்கள்

பிரெய்டு நீளாது என்பதால் அதிர்ச்சியை வாங்க ராடும் டிராக்கும் மட்டும்தான் இருக்கின்றன. நரம்பின் உண்மையான பலத்தில் கால் பங்கு, அதிகம் போனால் 30 சதவீதம். பி.இ. 2, 35 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 16 கிலோ. டிராக் 4 கிலோ. கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டி, ராடை மீன் பிடிக்கும் வளைவில் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து "இவ்வளவு போதும்" என்று வைக்கிறவர்களின் டிராக்கைத் தராசில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிலோதான் இருக்கும். பாறைப் பக்கம் அது போதாது.

நரம்பு அடியில் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நேராக நரம்பின் திசையில் நீட்டி, நரம்பைத் துணி சுற்றிய கட்டையில் நாலு சுற்று போட்டு பின்னோக்கி நடங்கள். கையில் சுற்றக் கூடாது, கையுறை போட்டிருந்தாலும்.

10. வளையம், உப்பு, மாற்றும் நேரம்

மலிவான ராடின் வளையங்களில் பிரெய்டு கோடு போட்டுவிடும், பிறகு அந்தக் கோடு பிரெய்டை அறுக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றி ஓட்டுங்கள். பஞ்சு எங்கே பிடித்து இழுக்கிறதோ அங்கே கீறலோ வெடிப்போ இருக்கிறது. நுனி வளையத்தை இரண்டு தடவை பாருங்கள்.

கடல்நீர் இழையை ஒன்றும் செய்யாது. உலர்ந்த பின் பின்னலுக்குள் தங்கும் உப்புப் பொடியும் மணலும்தான் உள்ளிருந்து அரைக்கும். வீட்டுக்கு வந்ததும் ஸ்பூலைத் தனியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நிழலில் உலர்த்துங்கள். ரீலோடு சேர்த்து முக்கி வைக்காதீர்கள், கிரீஸ் போய்விடும். ஒவ்வொரு முறை போகும் முன்பும் முதல் பத்து மீட்டரை விரலால் உருவிப் பார்த்து, பிசிறு இருந்தால் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

முன்பகுதி தேய்ந்துவிட்டால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே இருப்பது வெயில்கூடப் படாத புது நரம்பு. வேறொரு ஸ்பூலுக்கு மாற்றி, தலையை வாலாக்கிச் சுற்றினால் இன்னொரு பருவம் வரும். இதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், படகுக்காரர்களும் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.

மாற்ற வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் கொக்கித் தராசிலேயே பதில் இருக்கிறது. ஒரு மீட்டர் வெட்டியெடுத்து நனைத்து, ஒரு முனையை மழுமழுப்பான குழாயில் ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கட்டி, மறு முனையைத் தராசுக் கொக்கியின் மேல் சுற்றி மெதுவாக இழுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. முடிச்சில் அல்லாமல் நடுவில் அறுந்தால்தான் கணக்கு. வாங்கிய புதிதில் இதே சோதனையைச் செய்து எழுதி வைத்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்த நரம்பு போதும்.

கழித்த நரம்பைக் கரையில் விடாதீர்கள். நைலானைவிட மெலிந்து, வலுத்து, மக்காமல் கிடப்பது பிரெய்டு. ஜனவரி முதல் சென்னைக் கரையில் முட்டையிட ஏறும் பங்குனி ஆமைகளின் துடுப்பில் சிக்கினால் அது தானாகக் கழலாது. விரல் நீளத் துண்டுகளாகக் கத்தரித்து, மூடி போட்ட பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோல் பிரெய்டில் நழுவும், பல்லுள்ள பிரெய்டு கத்தரி ஒன்றை நரம்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.